புள்ளுக்கு வைத்த புள்ளி

கண்ணாடியில் அந்தக் கறையை முதலில் பார்த்தபோது, துடைக்கும்போது விட்டுப்போன சோப்புத் தடம் என்றுதான் நினைத்தேன். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பக்கத்தில் போனதும் கை தானாக நின்றுவிட்டது. விரித்த இரண்டு சிறகுகள், நடுவில் நெஞ்சு பதிந்த வட்டம், அதன்மேல் ஒரு பக்கமாகத் திரும்பிய தலை. சிறகின் ஓரத்தில் ஒவ்வோர் இறகின் நுனியும் தனித்தனியாகத் தெரிந்தது. திருநீற்றைக் குழைத்து யாரோ ஒரு புறாவை எழுதிவைத்ததுபோல இருந்தது.

புறாவின் உடம்பில் மாவு போன்ற மெல்லிய இறகுத்தூள் உண்டு. வேகமாக வந்து மோதினால் அது அப்படியே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று குனிந்து பார்த்தேன். அந்த அச்சுக்கு உரியது சிமென்ட் தரையில் கிடந்தது. புள்ளிப்புறா. கழுத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. எறும்பு வந்துவிட்டது.

அது எங்கிருந்தோ வழிதவறி வந்த புறா இல்லை. கொய்யா மரத்தில் நான் கட்டித் தொங்கவிட்ட மண் சட்டியில் தினமும் கம்பு பொறுக்க வருவது. விருந்துக்குக் கூப்பிட்டதும் நான். அது திரும்பிப் போகிற வழியில் சுவரை எழுப்பியதும் நான்.

எங்கள் வீடு நாகமலைப் புதுக்கோட்டையில், மலை பார்த்த மனை. வீடு கட்டும்போது என் வீட்டுக்காரருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நாகமலை முழுதாகத் தெரிய வேண்டும். அதற்காக மேற்குச் சுவரில் ஏழடிக்கு ஐந்தடியில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தோம். மதுரையில் மேற்குப் பார்த்துக் கண்ணாடி வைப்பவர்களுக்குப் புத்தி சொல்ல ஆள் வேண்டாம், கத்திரி வெயில் போதும். முதல் சித்திரையிலேயே கூடம் இட்லிச் சட்டி ஆகிவிட்டது. உடனே கூலிங் ஃபிலிம் ஒட்டினோம். வெயில் கொஞ்சம் குறைந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் நாகமலை தெரிந்தது. வெளியே நின்று அந்த ஜன்னலைப் பார்த்தாலும் நாகமலையே தெரிந்தது. மலை, மேகம், கொய்யா மரம், எல்லாம் அதில் அச்சு அசலாக இருந்தன. வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அத்தை மட்டும், "இது என்ன ஜன்னலா, நிலைக்கண்ணாடியா?" என்று கேட்டார்.

அத்தை என் மாமியார். சோழவந்தான் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவர். அந்த வீட்டு ஜன்னல்களில் கண்ணாடி என்பதே கிடையாது. கம்பி அழியும் மரக்கதவும்தான். குருவி ஒரு ஜன்னல் வழியாக நுழைந்து, பட்டாசலைக் குறுக்கே கடந்து, முற்றத்தின் வழியாக மேலேறிப் போய்விடும். உத்திரத்தில் நெற்கதிர்க் கொத்து தொங்கும். மாமனாரின் அப்பா படத்துக்குப் பின்னால் கூடு கட்டியிருக்கும். படத்துக்கு மாலை போடும்போதுகூடக் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள்.

அந்த வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி, தூணில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி. ஆண் குருவி அதன்மேல் தொற்றிக்கொண்டு தன் உருவத்தையே கொத்திக்கொண்டிருக்கும். அலகு வலிக்காதா என்று நமக்கு வலிக்கும். அத்தை ஒரு பழைய துண்டை எடுத்து அதன்மேல் போட்டுவிடுவாராம். முகம் பார்ப்பவர்கள் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும். வீட்டின் சட்டம் அது. இன்றும் எங்கள் தெருவில் செண்பகம் ஒன்று கார் கண்ணாடிகளோடு மல்லுக்கு நிற்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லைக்குள் இன்னொரு செண்பகம் வந்துவிட்டதாக அதற்கு எண்ணம். கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டினால் வழக்கு முடிந்தது. அந்தச் சண்டையில் செண்பகம் களைத்துப்போகும், பெரும்பாலும் சாகாது. என் ஜன்னலில் நடந்தது சண்டை இல்லை. புறா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, மலையைத்தான் பார்த்தது. மலையை நோக்கிப் பறந்தது.

பறவைகளுக்கு இரை வைக்க ஆரம்பித்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அத்தை எங்களோடு வந்ததும் முதலில் கேட்டது, காக்கைக்குச் சோறு வைக்க மதிலில் ஓரிடம். அமாவாசைக்கு மட்டும் இல்லை, தினமும். காக்கை சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. கீழமாசி வீதிக்குப் போகும்போதெல்லாம் கம்பு, தினை, குருணை என்று ஒவ்வொரு கிலோ வாங்கிவந்தேன். கொய்யாவில் மண் சட்டி, முருங்கையில் கொட்டாங்குச்சி, துவைகல் பக்கத்தில் அகலமான தண்ணீர்த் தட்டு.

முதல் இரண்டு வாரம் அணில் மட்டும் வந்தது. அணில் எப்போதும் வரும். பிறகு தவிட்டுக்குருவிக் கூட்டம், ஏழெட்டாக, கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் போல ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே வந்து, சட்டியைச் சட்டை செய்யாமல், அடியில் கிடக்கும் சருகைப் புரட்டிப் பூச்சி தின்றுவிட்டுப் போகும். சின்னான் பப்பாளித் துண்டுக்கு வரும். சிட்டுக்குருவி வருவதற்கு நாலு மாதம் ஆயிற்று. கம்பங்கதிரை முழுதாகக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் வந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு சில்லைகள். தேன்சிட்டு சட்டிப் பக்கமே திரும்பாது, அதற்குச் செம்பருத்தி போதும். தானியத்தைவிடத் தண்ணீர்த் தட்டுக்குத்தான் கூட்டம் அதிகம். வைகாசியில் ஒரு நாள் மதியம் தட்டின் விளிம்பில் இடமில்லாமல் மைனா வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இடையில் ஒன்று. மிச்சமான மிக்சர், பிஸ்கட், பரோட்டாத் துண்டு எல்லாவற்றையும் பறவைக்குப் போட்டுவிட்டுப் புண்ணியம் தேடுபவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. உப்பும் எண்ணெயும் அந்தச் சிறிய உடம்புக்கு ஆகாது. சட்டியைக் கழுவாமல் மேலே மேலே தானியம் கொட்டினால் அடியில் பூஞ்சை பிடிக்கும், ஒரு பறவையின் நோய் மற்றதற்கும் தொற்றும். கழுவிக் காயவைக்கச் சோம்பலாக இருந்தால் இரை வைக்காமலே இருக்கலாம். அவை பிழைத்துக்கொள்ளும்.

நான் சட்டியைக் கழுவினேன். கண்ணாடியைத்தான் யோசிக்கவில்லை.

அந்தப் புறாவுக்குப் பிறகு, நாட்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் குறித்துவைக்க ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் பதினொன்று. புறா நான்கு, சின்னான் மூன்று, பெண் குயில் இரண்டு, வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று, உள்ளங்கையில் கனமே தெரியாத ஒரு பச்சைக் கதிர்க்குருவி. பூனையும் காக்கையும் எனக்கு முன்னால் எடுத்துப்போனவை இந்தக் கணக்கில் இல்லை. மீன்கொத்தியின் அலகு நேராகக் கண்ணாடியில் இடித்திருக்க வேண்டும். அந்த நீல முதுகை அப்படிக் கிட்டத்தில் பார்க்கும் ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்தது. அந்த ஆசை அப்படி நிறைவேறியிருக்க வேண்டாம்.

சில நாள் கூட்டமாக மோதும். அப்போது வானத்தைப் பார்த்தால் வல்லூறு போய்க்கொண்டிருக்கும். அது தலையைக் காட்டினால் போதும், சட்டியில் இருந்தவை எல்லாம் திக்குக்கு ஒன்றாகச் சிதறும். சிதறுவதில் இரண்டு, கண்ணாடியில் இருக்கும் பொய் மரத்துக்குள் ஒளியப் போகும்.

அக்டோபரில் ஓர் இரவு நல்ல மழை. மின்சாரம் போய்ப் போய் வந்ததில், கார் நிறுத்தும் இடத்து விளக்கை அணைக்க மறந்து தூங்கிவிட்டோம். காலையில் வாசல் தெளிக்கப் போன அத்தை, "தாயி, இங்கே வந்து பார், யாரோ வர்ணப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்று கூப்பிட்டார். பொம்மை மூச்சு விட்டது. பச்சை முதுகு, சிறகில் நீலத் திட்டு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, குண்டிப்பக்கம் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடியும்போது தெற்கே இறங்கி வரும். நம் ஊரிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். பயணம் இராத்திரியில். வாழ்க்கை முழுவதும் தரையில் சருகு புரட்டுகிற பறவை, வருடத்துக்கு இரண்டு முறை இத்தனை தூரம் பறக்கிறது. களைத்துப்போய் ஊருக்குள் இறங்கும் நேரத்தில் நம் விளக்கும் சுவரும் கண்ணாடியும் குறுக்கே நிற்கின்றன.

எதிர் வீட்டுப் பையன் ஓடிவந்து சொம்பில் தண்ணீர் எடுத்து வாயில் ஊற்றப் போனான். தடுத்துவிட்டேன். மயங்கிக் கிடக்கும் பறவைக்கு ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும். பழைய செருப்புப் பெட்டியில் காகிதம் விரித்து, காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, உள்ளே வைத்து மூடி, இருட்டறையில் வைத்தோம். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது வைத்தியம் இல்லை. பையன் கூண்டில் வளர்க்கலாமா என்று கேட்டான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப் பறவை எதையும் வீட்டில் வளர்ப்பது குற்றம், பச்சைக்கிளியும் அதில் சேர்த்தி என்றதும் அவன் முகம் மாறியது. "மீனாட்சி மட்டும் வைத்திருக்கிறாளே?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே சரசரவென்று சத்தம் வந்தது. பின்பக்கம் மாதுளைச் செடி அடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகினோம். அது எழுந்து நின்றது, சுற்றிப் பார்த்தது, தத்தித் தத்திச் சருகுக்குள் போனது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் இப்படி எழுந்து போகும் பறவைகளில் பல, உள்ளே தலையில் கசிந்த இரத்தத்தால் பின்னால் எங்கோ போய்ச் சாகின்றன என்று அன்று இரவு படித்தபோது, சிரித்தது உறுத்தியது.

அதன்பிறகுதான் இதை முறையாகத் தேடிப் படித்தேன். டேனியல் கிளெம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970கள் முதல் இந்த ஒரே விஷயத்தை ஆராய்ந்து வந்திருக்கிறார். பறவைகளின் பார்வையில் கண்ணாடி என்று ஒரு பொருளே இல்லை என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். நமக்கும் கண்ணாடி தெரிவதில்லை. சட்டம், கைப்பிடி, தூசி இவற்றை வைத்து ஊகித்துக்கொள்கிறோம். நகைக்கடைக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டவர்களுக்கு இது புரியும். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. என்னை உலுக்கியது அந்தத் தொகை இல்லை. அதில் வானளாவிய கட்டடங்களின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மூன்று மாடிக்கு உட்பட்ட வீடுகளின் பங்கு சுமார் 44 விழுக்காடு. ஒரு வீட்டில் ஒன்றிரண்டுதான், ஆனால் வீடுகள் கணக்கில்லாதவை. என்னைப் போன்ற நல்லவர்களின் வீடுகள்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். இணையத்தில் கறுப்பு வல்லூறு ஸ்டிக்கர் வாங்கி, கண்ணாடி நடுவில் ஒட்டினேன். மூன்றாம் நாள் அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரு சின்னான் மோதியது. அரிட்டாபட்டி மலையில் உண்மையான வல்லூறுகள் இருக்கின்றன. 2022இல் அந்த இடத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்ததற்கு அவையும் ஒரு காரணம். அவை பறக்கும், பாயும், திரும்பும். அசையாமல் ஒட்டிக்கிடக்கும் காகித வல்லூறு எந்தப் பறவையை ஏமாற்றும்? திருஷ்டிப் பொம்மை மாதிரிதான், மாட்டியவருக்கு மன நிம்மதி. அடுத்து உள்பக்கம் திரை போட்டோம். வெளியில் இருந்து பார்த்தால் மலை முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

வேலை செய்வது எது என்றால், கண்ணாடி முழுவதும், வெளிப்பக்கத்தில், நெருக்கமாக இடப்படும் குறிகள். பறவை பறக்கும்போது தன் உடம்பு நுழையும் இடைவெளியைத் தேடுகிறது. இலைக்கும் இலைக்கும் நடுவே புகுந்து பழகியது அது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இரண்டு அங்குலத்துக்குமேல் விட்டால், அதற்குள் நுழைந்துவிடலாம் என்று வந்துவிடும். 2023 அக்டோபர் 5 அன்று ஒரே இரவில், சிகாகோவில் ஏரிக்கரைக் கண்காட்சிக் கட்டடம் ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் வலசைப் பறவைகள் மோதிச் செத்தன. மறுவருடம் அந்தக் கண்ணாடி முழுவதும் இரண்டு அங்குல இடைவெளியில் சின்னப் புள்ளிகள் கொண்ட ஃபிலிமை ஒட்டினார்கள். செலவு சுமார் 12 லட்சம் டாலர். சாவு பெருமளவு குறைந்துவிட்டது.

இதை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை, "புள்ளிதானே வைக்க வேண்டும்? எத்தனைக்கு எத்தனை?" என்றார்.

எழுபத்தெட்டு வயதில், ஐம்பது அறுபது வருடமாக விடியுமுன்னே ஸ்கேலும் நூலும் இல்லாமல் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று வைத்துப் பழகிய விரல் அது. மூன்று விரலை ஒட்டி வைத்து அளந்தார். சரியாக இரண்டு அங்குலம். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் நனைத்து, மாக்கோலம் போல வைத்தார். பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் காலை கண்ணாடி முழுவதும் எறும்பு. அடுத்த நாள் மழை. எல்லாம் வழிந்து, ஜன்னல் அழுததுபோல இருந்தது.

பிறகு நான் என் புத்தியைக் காட்டினேன். மழை படாமல் இருக்க உள்பக்கம் வைக்கலாம் என்று, ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து வெள்ளை வைத்தேன். வெளியே போய்ப் பார்த்தால் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. ஃபிலிம் கண்ணாடியின் உள்பக்கம் இருக்கிறது, பிம்பமோ அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. ஒரு நாள் உழைப்பைப் பிளேடு வைத்துச் சுரண்டினேன்.

மூன்றாவது முறை வெள்ளைப் பெயின்ட் பேனா. மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. நான் ஸ்டூலில் ஏறி மேல்பாதி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து கீழ்ப்பாதி. ஒவ்வொன்றும் மிளகைவிடப் பெரிதாக, ஒரு துவரம்பருப்பு அளவு. மொத்தம் ஆயிரத்து முந்நூறு சொச்சம். கம்பி இழுத்துச் சிக்குக் கோலமாக முடித்துவிடவா என்று கேட்டார். மலை பார்க்க வாங்கிய ஜன்னல் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார், விட்டுவிட்டார். மூன்று பேனா, நானூறு ரூபாய்க்குள். முதல் வாரம் கண்ணில் உறுத்தியது. இப்போது உள்ளே இருந்து பார்த்தால் புள்ளி தெரிவதில்லை, மலைதான் தெரிகிறது. கண் அப்படிப் பழகிவிடுகிறது.

மற்ற ஜன்னல்களில் இத்தனை பாடுபடவில்லை. கொசுவலையை உள்ளே அடித்திருந்ததை வெளிப்பக்கம் மாற்றிக் கொடுத்தார் தச்சர். "கொசு எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் கொசுதானே அக்கா" என்று முனகிக்கொண்டே செய்தார். வலை பிம்பத்தையும் மங்கவைக்கிறது, தப்பித் தவறி வந்து மோதினாலும் தாங்கிக்கொள்கிறது. மாடிப்படிக் கண்ணாடிக்கு, சன்ஷேடிலிருந்து நைலான் கயிறுகளை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டோம். பழைய சலூன் வாசல் போல இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு வருத்தம். இரவில் வெளி விளக்கு, குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், பத்து மணிக்கு அணைந்துவிடும்.

நம்பக் கஷ்டமாக இருந்தது சட்டியின் இடம்தான். தள்ளிப் போனால் நல்லது என்றுதானே தோன்றும்? கொய்யா மரம் ஜன்னலிலிருந்து இருபது அடி. பறவை வேகம் பிடிப்பதற்கு அதுவே தாராளம். ஒரு மீட்டருக்குள் வைத்தால், கிளம்பிய வேகத்தில் இடித்தாலும் அடி பலமாகப் படாது என்பது கிளெம்மின் ஆய்வு. சட்டியை ஜன்னலுக்கு இரண்டடியில் கொண்டுவந்து தொங்கவிட்டேன். ஒரு வாரம் யாரும் வரவில்லை. பிறகு அணில் வந்தது.

இரண்டு வருடமாகிறது. நாட்காட்டித் தாளில் இரண்டு குறிப்புகள்தான். ஒன்று சின்னான், மோதிவிட்டு உட்கார்ந்திருந்து பறந்து போனது. மற்றது ஒரு புறா. அது மோதிய இடத்தைப் போய்ப் பார்த்தேன். மேல் மூலையில், வெயிலிலும் மழையிலும் பெயின்ட் உரிந்து, ஏழெட்டுப் புள்ளி சேர்ந்தாற்போலக் காணாமல் போயிருந்தது. முறத்தளவு வெறுங்கண்ணாடி.

தெருவில் போகிறவர்கள், "என்ன மதினி, ஜன்னலுக்கு வைசூரியா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆய்வெல்லாம் சொல்ல முடிகிறதா? அத்தை திண்ணையில் இருந்தபடியே, "கண்ணேறு படாமல் இருக்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். போன மாதம் பின் தெருவில் ஒரு வீட்டில் அதேபோல் புள்ளி வைத்திருக்கிறார்கள். உள்பக்கமா வெளிப்பக்கமா என்று இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

இன்று காலை, பின்மனைச் சீமைக்கருவேலத்துக்குள் இருந்து அந்த இரட்டைக் கூவல் கேட்டது. மணி ஆறு அடிக்க இரண்டு நிமிடம். அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்து கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு ஜன்னலைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, "மூன்றாம் வரிசையில் இரண்டு உதிர்ந்திருக்கிறது, ஸ்டூலை எடு" என்றார்.